வகரம்

இலவசப் பல்லுக்கு ஒரு படிவம்,
அதிலை 'காரணம்' எண்டொரு கட்டம்.
கிளாக்கர் பிள்ளை என்னைக் கேளாமலே
'யுத்தம்' எண்டு எழுதினாள்.
அவளிலை பிழையில்லை. எனக்கு முதல் வந்த ஏழு பேருக்கும்
அதைத்தான் எழுதியிருந்தாள்; பேனை பழகிப்போச்சு.

நான் சொன்னன்: வெட்டு பிள்ளை.
மாடு எண்டு எழுது.

யுத்தம் முழுக்க என்னோடை வந்த பல்லுகள் அவை.
பங்கருக்குள்ளை மண்ணோடை கஞ்சி குடிச்சவை.
வட்டுவாகல் பாலத்தாலை
எண்ணிக்கை குறையாமல் என்னோடை வந்தது
அவை மட்டும்தான்.
முகாமிலை பருப்புக்குள்ளை கல்லுக் கடிபட்டும்
ஒண்டும் ஆடேல்லை.

பிறகு, சமாதானமான ஒரு வெள்ளிக்கிழமை,
ஒலுமடுவுக்கு இங்காலை, காபெற் போட்ட புது றோட்டிலை
சிவத்த நாம்பன் ஒண்டு நடுவிலை நிண்டு அசைபோட
குகதாசன் அடிச்சான் பிறேக்.
மிதிபலகையிலை நிண்ட நான் கம்பியைக் கடிச்சன்.
மேல்வரிசை ஆறும் அண்டைக்கே சரி.
மாடு அசையேல்லை.

ஆறு பல்லு ஒரு இழப்பே எண்டு கேட்பியள்.
நான் கொண்டக்டர்.
வவுனியா – முல்லைத்தீவு, தனியார் பஸ்.
போகேக்கை பிரச்சினையில்லை:
முல்லை முல்லை முல்லை,
உதடும் நாக்கும் காணும்.
திரும்பி வரேக்கைதான் தெரிஞ்சுது
வ எண்ட எழுத்து
மேல்பல்லு கீழுதட்டிலை முட்டினால்தான்
பிறக்குமெண்டு.

"பவுனியா, பவுனியா!"
"பவுன் என்ன விலை போகுது அண்ணை?"
மாங்குளம் சந்திப் பெடியள்.
"பழி பிடுங்கோ, பழி பிடுங்கோ" எண்டு
சனத்துக்குள்ளாலை நுழைஞ்சன்.
வற்றாப்பளைக்குப் போற அம்மாமார்
சிரிப்பை அடக்கச் சீலைத் தலைப்பைக் கடிச்சினம்.
பல்லிருக்கிற சனம்.
வீட்டிலை, முரசு வலிக்குது எண்டு சொல்ல
பலிக்குது எண்டு வந்துது.
"அப்பிடியெண்டால் ஒரு லொத்தர் எடுங்கோவன்" எண்டாள் பவளராணி.

பல் டொக்டர் மாத்தளைப் பெடியன்.
குளிர்ந்த மாவை வாய்க்குள்ளை அப்பி
இறுகுமட்டும் மூக்காலை மூச்செடுக்கச் சொன்னான்.
"பழைய பல்லுத் தெரியிற போட்டோ ஏதும்?"
அடையாள அட்டையிலை வாய் மூடியிருக்கு.
கலியாண அல்பம் மாத்தளன் மணலுக்குள்ளை.
மாத்தளை, மாத்தளன்;
எழுத்திலை கிட்டத்தான்.

பவளராணி வாங்கிலிலை இருந்து சொன்னாள்:
"இடப்பக்கப் பல்லொண்டு
பக்கத்துப் பல்லிலை கொஞ்சம் ஏறி நிக்கும்,
பஸ்ஸிலை நெருக்குப்பட்ட ஆள் மாதிரி."
பெடியன் அப்பிடியே செய்து தந்தான்.
இருபத்திரண்டு வருசமாய் அவள் அதைப் பாத்திருக்கிறாள்.
நான் கண்ணாடியிலை ஒருநாளும் காணேல்லை.

முதல் கிழமை அது வாய்க்குள்ளை
டிக்கெட் எடுக்காத ஆள்:
இறங்கவும் மாட்டுது, ஒரு இடத்திலை இருக்கவும் மாட்டுது.
புட்டு அடியிலை போயிருந்து அறுத்துது.
கச்சானை இன்னும் கிட்டக் கொண்டுபோகேல்லை.
இரவிலை பிளாஸ்ரிக் கப்புக்குள்ளை இருந்து சிரிக்கும்;
கரண்ட் போன ஒரு இரவு
அதை எடுத்துத் தண்ணி குடிக்கப் பாத்தன்.

ஆனால் வ வந்துது.
எட்டாம் நாள் விடிய, ஐஞ்சேகாலுக்கு,
முல்லைத்தீவு பஸ் நிலையத்திலை
ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்து
மெல்லமாய், பிறகு பலமாய்:
வவுனியா. வவுனியா. வற்றாப்பளை.
தேத்தண்ணிக் கடைக்காரன் எட்டிப் பாத்தான்.
வழி. வயல். வாய்க்கால். வா.
கடைசியைச் சொல்லேக்கை
ஆரைக் கூப்பிடுறன் எண்டு எனக்கே தெரியேல்லை.
கொஞ்ச நேரம் சும்மா நிண்டன்.

போன செவ்வாய், அதே இடம். அதே நாம்பனோ
அதின்ரை தம்பியோ தெரியாது.
குகதாசன் பிறேக் அடிக்க
இத்தனை வருசம் கைவிடாத காசுப்பையைக் கைவிட்டு
ரெண்டு கையாலையும் வாயைப் பொத்தினன்.
சில்லறையெல்லாம் எஞ்சின் பெட்டி மட்டும் உருண்டுது.
சனம் குனிஞ்சு பொறுக்கித் தந்துது.
எண்ணிப் பாத்தன்: நாற்பது ரூபா குறைவு.
கணக்குக் கொப்பியிலை எழுதினன்,
காரணம்: மாடு.